பிழைத்தது யார்? கிரேக்கத் துன்பியல் மாந்தரை எதை வைத்து ஒப்பிடுவது

ஏட்டுப்பூச்சி:

ஈடிபஸுக்கு முன்கோபம், கிரியோனுக்குப் பிடிவாதம், மெடியாவுக்குப் பொறாமை, அகமெம்னானுக்கு அகந்தை. ஆளுக்கொரு குறையை ஒட்டி அட்டவணை போடும் வழக்கம் பாடக்குறிப்புகளில் இன்னும் சாகவில்லை. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நாடகத்தையும் திறக்க முடியாது. ஈடிபஸ் பசுவைப் போல் சாதுவாக இருந்திருந்தாலும் அவன் மணந்த யொகாஸ்டா அவனுடைய தாய்தான்.

குழப்பத்தின் வேர் ஒரு சொல். அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13-ஆம் அதிகாரத்தில், மிக நல்லவனும் அல்லாத, மிகக் கெட்டவனும் அல்லாத ஒருவன் ஏதோ ஒரு 'ஹமார்த்தியா'வினால் வீழ்வதுதான் சிறந்த துன்பியல் என்கிறார். இதைக் 'குணக்குறை' என்று பெயர்த்ததில் தொடங்கியது வினை. அதன் வினைச்சொல் அம்பு, ஈட்டி போன்றவை குறி தவறுவதற்கு வழங்கியது. தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: பிழைத்தல். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்ற குறளில் 'பிழைத்த' என்றால் குறி தவறிய. ஆகவே 'ஹமார்த்தியா'வைப் பிழை என்றே சொல்லிவிடலாம், குறை என்று சொல்லக் கூடாது. குறை ஆளிடம் இருப்பது, பிழை செயலில் நேர்வது.

என் யோசனை இதுதான். குணத்தை விட்டுவிட்டு, அடுத்த அதிகாரமான 14-இல் அரிஸ்டாட்டிலே கேட்கும் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். செய்தவருக்குத் தான் செய்வது என்னவென்று தெரியுமா? செய்து முடித்தாரா? (ஆம், இல்லை என்று இரண்டுக்குமாக நான்கு மூலை கொண்ட கட்டம்.) இதோடு மூன்றாவதாக நான் ஒன்று சேர்க்கிறேன்: தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்ததா, அது எந்த வரியில் கைநழுவியது?

ஒவ்வொரு நாடகத்திலும் மூன்று வரி எண்களைக் குறியுங்கள். திரும்பிப் போக இருந்த கடைசி இடம், செயல், அறிவு (செய்தது என்னவென்று தெரிந்த இடம்). அதற்குப் பிறகு ஒப்பிடுவோம்.

---

வரி எண்:

அளவுகோல் சரி. இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, எண்கள் கிரேக்க மூலத்தின் எண்களாக இருக்க வேண்டும். சில ஆங்கிலச் செய்யுள் பெயர்ப்புகள் தம் வரிகளைத் தாமே எண்ணிக்கொள்ளும். அன்டிகனி அவற்றில் மூல அளவைத் தாண்டிவிடும். மூலத்தில் 1,353. ஓரத்தில் மூல எண் போட்ட பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டு, கிரியோன் இரண்டு பேர். அன்டிகனியில் வருபவன் தீப்ஸ் அரசன், யொகாஸ்டாவின் தம்பி. மெடியாவில் வருபவன் கொரிந்து அரசன், மெடியாவைக் கைவிட்ட கணவன் ஜேசனின் புது மாமனார். இருவரையும் ஒரே ஆளாக எண்ணி எழுதிய ஒப்பீட்டுக் கட்டுரைகள் உண்டு.

---

புதுவரவு:

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஈடிபஸ் விஷயத்தில் எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்ததுதானே? அப்போலோ சொன்னது நடந்தது. அப்புறம் 'தெரிந்துகொள்ள வாய்ப்பு' என்ற கேள்விக்கே அங்கே இடம் எங்கே இருக்கிறது?

---

ஏட்டுப்பூச்சி:

நல்ல கேள்வி. குறிசொல்லில் இருப்பது இரண்டே செய்திகள்: தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான். இரண்டும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. அவன் உண்மையைக் கண்டுபிடிப்பான் என்று அப்போலோ எங்கும் சொல்லவில்லை. கண்ணைக் குத்திக்கொள்வான் என்றும் அந்தக் குறியில் இல்லை. மேடையில் நாம் பார்ப்பது முழுவதும் அவன் தானாகச் செய்வது. அப்போலோவின் குறி கேட்க டெல்ஃபிக்கு ஆள் அனுப்புகிறான், முந்தைய அரசன் லேயஸைக் கொன்றவனைச் சபித்து ஆணையிடுகிறான், குருட்டுக் குறிசொல்லி டைரேசியஸை வரவழைக்கிறான், மனைவியைக் கேள்வி கேட்கிறான், இடையனைப் பிடித்துவரச் சொல்கிறான். ஒவ்வொரு படியிலும் 'போதும், விட்டுவிடு' என்று யாராவது ஒருவர் சொல்கிறார்கள். டைரேசியஸ் சொல்கிறார், யொகாஸ்டா கெஞ்சுகிறாள், கடைசியில் இடையனே கெஞ்சுகிறான். 'பயங்கரத்தைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன்' என்று அவன் சொல்ல, 'நான் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டாக வேண்டும்' என்று ஈடிபஸ் சொல்வது 1169-1170.

கண் போன பிறகு அவன் சொல்வதைப் பாருங்கள் (1329 முதல்). இந்தத் துன்பங்களை நிறைவேற்றியது அப்போலோ, ஆனால் குத்திய கை என் கை, வேறு யாருடையதும் அல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். விதியா விருப்பமா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு மேடை ஏறலாம்.

---

கல்லறைக் காவலர்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'மொய்ரா'வை 'ஊழ்' என்று பெயர்க்காமல் இருப்பது நல்லது. ஊழ் என்றதும் நமக்கு முன்வினை கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈடிபஸுக்குப் போன பிறவிக் கணக்கு எதுவும் கிடையாது. குலத்தின் பழி என்ற கணக்கு உண்டு. அதை விரிவாக எடுத்தவர் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ். கி.மு. 467-இல் லேயஸ், ஈடிபஸ், தீப்ஸை எதிர்த்த எழுவர் என்று மூன்று தலைமுறையைத் தொடராக வைத்து முதல் பரிசு பெற்றார். கடைசி நாடகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாம் பேசும் ஈடிபஸ், அன்டிகனி நாடகங்களை எழுதிய சோஃபோக்ளிஸ் அந்தக் குலப்பழியைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு ஒரே நாளின் விசாரணையாக ஆக்கினார். தந்தை லேயஸ் என்ன குற்றம் செய்தான் என்று ஈடிபஸ் நாடகத்தில் தேடினால் கிடைக்காது.

---

மூன்றாம் நடிகர்:

விசாரணைன்னு சொன்னதால ஒரு ஓட்டையைக் காட்டுறேங்க. கொலையைப் பார்த்துத் தப்பி வந்த ஒரே சாட்சி 'கொள்ளையர் பல பேர்'னு சொன்னான். ஈடிபஸ் 842-847-இல தெளிவாச் சொல்றான்: அவன் இன்னும் பல பேர்னே சொன்னா நான் கொலைகாரன் இல்லை, ஒண்ணும் பலவும் சமம் ஆகாது. அதுக்காகத்தான் அந்த ஆளைக் கூட்டிவரச் சொல்றான். ஆள் வந்து நிக்கிறான். அந்தக் கேள்வியை யாரும் கேக்கவே இல்லை!

காரணம், நடுவுல கொரிந்துத் தூதன் வந்துட்டான். உன்னை வளர்த்த பாலிபஸ் உன் அப்பா இல்லை, உன்னைக் கித்தேரான் மலையில ஒரு இடையன் எங்கிட்ட கொடுத்தான், உன் கணுக்கால் துளைபட்டிருந்துச்சுன்னு சொல்லிட்டான். அந்த இடையனும் கொலைக்குச் சாட்சியான ஆளும் ஒருத்தனேன்னு கோரஸ்ங்கற பாட்டுக்குழு சொல்லுது (1051 பக்கம்). அதோட கேள்வியே மாறிப்போச்சு. 'லேயஸைக் கொன்றது யார்'னு தொடங்கினது 'நான் யார்'னு ஆயிடுச்சு.

---

வரி எண்:

அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு 'ஈடிபஸ் கொலை செய்ததாக நிரூபணமே இல்லை' என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எடுபடாது. மூன்று பாதை சேரும் இடம், வண்டியில் முதியவர், கூட ஒரு கட்டியக்காரன் என்று அவனே சொல்வதும், யொகாஸ்டா சொல்லும் ஐந்து பேர் கொண்ட பயணக் குழுவும் பொருந்துகின்றன. ஆனால் நாடகக் கட்டமைப்பு என்ற வகையில் உங்கள் கவனிப்பு சரி. எண்ணிக்கை என்ற அந்தக் கடைசி நம்பிக்கை மறுக்கப்படவில்லை, மறக்கப்பட்டுவிட்டது.

ஈடிபஸ் கணக்கு: செயல், நாடகத்துக்கு முன். அறிவு, 1182. திரும்பிப் போக இருந்த இடம், கொலையைப் பொறுத்தவரை இல்லை. அறிவைப் பொறுத்தவரை 1170 வரை இருந்தது.

---

ஏட்டுப்பூச்சி:

இப்போது ஈடிபஸுக்குப் பக்கத்தில் யாரை வைப்பது? எல்லோரும் கிரியோனை வைப்பார்கள். நான் ஹெராக்ளிஸின் மனைவி டெயனைராவை வைக்கிறேன். சோஃபோக்ளிஸின் டிராக்கிஸ் பெண்கள் நாடகம் அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் பிழை என்ற பொறி எப்படி இயங்குகிறது என்று பல்சக்கரம் பல்சக்கரமாகக் கழற்றிக் காட்டும் நாடகம் அதுதான்.

டெயனைராவிடம் அத்துமீறி, ஹெராக்ளிஸின் அம்பு பட்டுச் சாகும் குதிரைமனிதன் நெஸ்ஸஸ் அவளிடம் சொல்கிறான்: என் காயத்தைச் சுற்றி உறைந்த குருதியை எடுத்து வை, உன் கணவன் வேறு பெண்ணை நாடாமல் இருக்க வசியமருந்து ஆகும். அந்த அம்பு ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பின் நஞ்சில் தோய்த்தது. நிபந்தனைகள்: தீயும் வெயிலும் படாமல் இருட்டில் வைக்க வேண்டும், பூசும் நேரம் வரும்வரை தொடக் கூடாது. பல ஆண்டு கழித்து ஹெராக்ளிஸ் இயோலே என்ற இளம் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். டெயனைரா மருந்தை எடுக்கிறாள்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். வீட்டு ஆட்டின் ரோமத்திலிருந்து ஒரு கொத்துப் பிடுங்கி, வீட்டுக்குள்ளேயே, அந்த ரோமத்தால் அங்கியில் பூசுகிறாள். அங்கியை மடித்துப் பேழையில் வைத்து முத்திரை இடுகிறாள். ஆனால் அதை அனுப்பும் முன் கோரஸிடம் ஆலோசனை கேட்கிறாள். நம்பிக்கை இருக்கிறது, சோதித்துப் பார்த்ததில்லை என்கிறாள். கோரஸ் சொல்வது 592-593: செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும், சோதிக்காமல் அறிந்ததாக நினைப்பது அறிவாகாது. அந்த வரி முடியும்போதே தூதன் லிக்காஸ் வந்துவிடுகிறான், புறப்பட நேரமாகிறது என்று. பேழை கைமாறுகிறது. ஹெராக்ளிஸ் தவிர யாரும் முதலில் அணியக் கூடாது, அவன் பலிபீடத்தின் முன் நிற்கும்வரை வெயிலோ தீயோ அதைப் பார்க்கக் கூடாது என்று அவளே கட்டளை இடுகிறாள்.

அவள் உள்ளே போகிறாள். கோரஸ் ஒரு பாட்டுப் பாடுகிறது. திரும்பி வருபவள் நடுங்கிக்கொண்டு வருகிறாள். வேலை முடிந்ததும் அவள் வீசியெறிந்த ரோமக்கொத்து வெயிலில் கிடந்திருக்கிறது. சூடேறியதும் அது கரைந்து, மரத்தை அறுக்கும்போது விழும் தூளைப் போல உதிர்ந்து, தரையில் நுரை கொதித்துக் கிளம்பியது. சோதனை நடந்துவிட்டது, ஒரு பாட்டு நேரம் பிந்தி. அப்போதுதான் கேட்கிறாள்: தன்னைச் சாகடிக்கக் காரணமான எனக்கு அந்த மிருகம் ஏன் நன்மை செய்ய வேண்டும்? கேள்வி சரியான கேள்வி, பல ஆண்டு முன்பே கேட்டிருக்க வேண்டியது.

அங்கே யூபியாவில் கெனையோன் முனையில் ஹெராக்ளிஸ் அங்கியை அணிந்து பலி கொடுக்கிறான். 12 காளைகள் முதலில், மொத்தம் 100 கால்நடை. பலித்தீ கொழுந்துவிட, வியர்வை அரும்ப, அங்கி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. இருட்டில் வை என்று நெஸ்ஸஸ் சொன்னதன் காரணம் இப்போது தெரிகிறது. அது மருந்தின் பக்குவக் குறிப்பே அல்ல. நஞ்சு சரியான உடம்பில் போய் வேலை செய்யும்வரை வழியில் வெளிப்படாமல் இருக்கப் போட்ட பூட்டு.

இவளிடம் என்ன 'குணக்குறை'யைக் கண்டுபிடிப்பீர்கள்? இயோலேயைக்கூட இவள் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

---

வரி எண்:

நீங்கள் விட்ட வரியை நான் தருகிறேன். 1136. மகன் ஹில்லஸ் தந்தையிடம் தாய்க்காகப் பேசும் ஒற்றை வரி: முழுக்கதையும் இவ்வளவுதான், நல்லதை நாடிப் பிழைத்தாள். அங்கே உள்ள வினைச்சொல் ஹமார்த்தியாவின் வினைச்சொல்லேதான். அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு முன்பே அவருடைய கருத்துக்கு உதாரணமும் சொல்லும் ஒரே வரியில் எழுதிவைத்தாகிவிட்டது. அவரோ அதை மேற்கோள் காட்டவில்லை.

---

மூன்றாம் நடிகர்:

மேடைக் கணக்கும் பாருங்க. டெயனைராவாலதான் அப்பா சாகிறார்னு ஹில்லஸ் வந்து கத்தினதும் அவ ஒரு வார்த்தை பேசாம உள்ளே போறா. 'மௌனம் குற்றம் சாட்டுறவனுக்குத்தான் துணை போகும்னு தெரியாதா'ன்னு கோரஸ் கேக்குது (813-814). அன்டிகனியில கிரியோனோட மனைவி யூரிடிஸியும் இப்படித்தான் பேச்சே இல்லாம போறா. யொகாஸ்டா ரெண்டே வரி சொல்லிட்டுப் போறா, அந்த அமைதியைப் பாத்துக் கோரஸ் பயப்படுது. மூணு பேரும் உள்ளே போய்ச் செத்துப் போறாங்க. சோஃபோக்ளிஸ்கிட்ட பெண் சத்தம் இல்லாம கதவைத் தாண்டினா முடிஞ்சதுன்னு அர்த்தம்.

டெயனைரா போனதுக்கு அப்புறம் ஹெராக்ளிஸைத் தூக்கிட்டு வர்றாங்க. கணவனும் மனைவியும் ஒரு தடவைகூட மேடையில சந்திக்கறதில்லை. பேசும் நடிகர் மூணே பேர்தான்ங்கறதால ரெண்டு வேஷத்தையும் ஒரே ஆள் போட்டிருக்கணும்னு பல அறிஞர்கள் நினைக்கிறாங்க. முகமூடி மாத்தினா போதும்.

---

கல்லறைக் காவலர்:

கிரியோனுக்கு வருவோம். பாலினிசிஸின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்று தடை போட்டவன், அதை மீறிய சகோதரி அன்டிகனியைக் குகையில் அடைத்தவன். இவனுக்கும் உங்கள் மூன்று எண் பொருந்துகிறது, ஆனால் சுவாரஸ்யமான முறையில் உதைக்கிறது.

டைரேசியஸ் சொல்கிறார் (1023 முதல்): பிழைப்பது எல்லா மனிதருக்கும் பொது, பிழைத்த பின் சரிசெய்கிறவன் அறிவற்றவன் அல்லன். கிரியோன் முதலில் ஏசுகிறான், பிறகு பயந்து பணிகிறான். கோரஸ் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறது (1100-1101): போய் முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடு, வெளியே கிடப்பவனுக்குக் கல்லறை கட்டு. கிரியோனும் ஏவலாட்களைக் கோடரியோடு கிளப்பி, கட்டியவனே அவிழ்ப்பேன் என்று சொல்லிப் புறப்படுகிறான்.

ஆனால் தூதன் வந்து சொல்லும்போது (1196 முதல்) வரிசை தலைகீழ். முதலில் சமவெளியின் கோடிக்குப் போனார்கள். நாய்கள் குதறிய பாலினிசிஸின் உடலுக்கு முன் ஹெகட்டியையும் புளூட்டோவையும் வேண்டினார்கள், மிச்சத்தைக் கழுவினார்கள், புதிதாக வெட்டிய கிளைகளால் எரித்தார்கள், சொந்த மண்ணால் மேடு எழுப்பினார்கள். அப்புறம் குகை. அதற்குள் அன்டிகனி தூக்கில் தொங்குகிறாள், அவளை மணக்க இருந்த கிரியோனின் மகன் ஹேமன் அவளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

அவன் திருந்தாமல் அழியவில்லை. திருந்தி, சரியான இரண்டு வேலைகளையும் செய்து, வரிசையில் பிழைத்து அழிகிறான்.

---

ஏட்டுப்பூச்சி:

ஒரு மறுப்பு. அந்த வரிசையைப் பிழை என்று நாடகம் எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. டைரேசியஸின் அவசரம் எதைப் பற்றியது? நாய்களும் பறவைகளும் பிணத்தின் தசையைக் கொண்டுவந்து பலிபீடங்களில் போட்டுவிட்டன, தெய்வங்கள் பலியை ஏற்பதில்லை. ஊரே பிணத்தீட்டில் கிடக்கிறது. அரசன் என்ற வகையில் தீட்டு நீக்குவதுதான் முதல் வேலை என்று கிரியோன் நினைத்தால் அது அவன் மனப்பாங்குக்குப் பொருந்துகிறது. கடைசி நிமிடத்திலும் ஊர் முதலில், வீடு பிறகு.

---

கல்லறைக் காவலர்:

அதைத்தான் நானும் சொல்கிறேன், ஒரு படி மேலே போய். அவனுடைய முதல் பேருரை முழுவதும் ஊர் முதலில், உறவு பிறகு என்பதுதான். குணம் மாறவில்லை, நோக்கம் மாறிவிட்டது. பழைய குணம் புது நோக்கத்தைத் தவறான வரிசையில் நிறைவேற்றியது. ஆக, குணத்தை மொத்தமாக வெளியே தள்ளும் உங்கள் முதல் பதிவை நான் ஏற்க மாட்டேன். குணம் பிழைக்குக் காரணமாகலாம். பிழையும் குணமும் ஒன்று என்பதுதான் தப்பு.

---

ஏட்டுப்பூச்சி:

ஏற்கிறேன். முதல் பதிவில் கொஞ்சம் அதிகமாகவே வீசிவிட்டேன்.

---

வரி எண்:

கிரியோனின் அறிவு: 1261. மகனின் உடலைத் தாங்கி வரும்போது 'என் மதிகெட்ட மதியின் பிழைகள்' என்கிறான். அங்கும் அதே வேர்ச்சொல். அதற்குச் சற்று முன் கோரஸும் வேறு யாராலும் வந்த அழிவு அல்ல, தானே பிழைத்தான் என்கிறது.

அன்டிகனி அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்பதையும் பாருங்கள் (925-928). 'என்றால்' போட்டுப் பேசுகிறாள்: தெய்வங்களுக்கு இதுதான் சரியென்றால், பட்டபின் நான் பிழைத்ததை உணர்வேன்; இவர்கள் பிழைத்தவர்களானால், எனக்குச் செய்ததைவிடக் கூடுதலாக அவர்களுக்கு நேர வேண்டாம். அடுத்த 15 வரிக்குள் மேடையை விட்டுப் போகிறாள், 943-இல். 'உணர்வேன்' என்ற அந்த உணர்வு அவளுக்கு வருவதே இல்லை. மூன்று எண்ணில் மூன்றாவது எண் அவளுக்குக் கிடையாது.

---

புதுவரவு:

அப்படியானால் அந்த நாடகத்தின் துன்பியல் நாயகர் கிரியோன்தானா? 1,353 வரியில் அன்டிகனி 943-இலேயே போய்விடுகிறாள், அறிவும் வீழ்ச்சியும் கிரியோனுக்கு. பெயர் மட்டும் அவளுடையதா?

---

மூன்றாம் நடிகர்:

நாயகர்ங்கற சொல்லை நாம ஒரு மாதிரி எடுத்துக்கறோம், கிரேக்க நாடகக் குழு வேற மாதிரி எடுத்துக்கிட்டது. அவங்களுக்கு முதல் நடிகர், ரெண்டாம் நடிகர், மூணாம் நடிகர்னு தரவரிசை. இதுக்கு ஒரு அருமையான சாட்சியம் இருக்கு. கி.மு. 343-இல ஏதென்ஸ் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் தன் எதிரி ஐஸ்கைனிஸை நீதிமன்றத்துல கிழிக்கிறார். ஐஸ்கைனிஸ் முன்னாடி நடிகரா இருந்தவர். அன்டிகனி நாடகத்தைத் தியோடோரஸும் அரிஸ்டோடெமஸும் பல தடவை நடிச்சாங்க, அப்போ நீ போட்டது கிரியோன் வேஷம், கொடுங்கோலனா செங்கோலோட வர்றது மூணாம் நடிகனுக்குக் கிடைக்கிற சலுகைன்னு குத்திக் காட்டுறார்.

அதாவது அந்தக் காலத்துக் குழுவுல நட்சத்திர நடிகருக்குக் கிரியோன் வேண்டாம். வரி அதிகம், மேடையில நேரம் அதிகம், ஆனாலும் அது மூணாம் வேஷம். இது நாடகம் எழுதி நூறு வருஷம் கழிச்ச நிலைமைங்கறதையும் நினைவுல வைங்க. சோஃபோக்ளிஸ் அரங்கேற்றினப்ப எப்படிப் பிரிச்சாங்கன்னு இதை வெச்சு முடிவு கட்ட முடியாது.

---

கல்லறைக் காவலர்:

அன்டிகனியை ஒப்பிடும்போது 904-920-ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். கணவனோ குழந்தையோ இறந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், வேறு கணவன் கிடைப்பான், வேறு குழந்தை பிறக்கும். பெற்றோர் இறந்த பின் இன்னொரு சகோதரன் முளைக்க மாட்டான் என்று கணக்குப் போடுகிறாள். தெய்வங்களின் எழுதா நெறி என்று முன்பு முழங்கியவள் இப்படிப் பேசுவதா என்று பலருக்குப் பொறுக்கவில்லை. இது இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்றார் ஜெர்மன் கவிஞர் கெய்ட்டே. ஆனால் அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் இந்த இடத்தை எடுத்தாள்கிறார், ஆகவே அவர் கையிலிருந்த பிரதியில் இருந்தது. இதே வாதத்தை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு பாரசீகப் பெண்ணின் வாயில் வைத்திருக்கிறார். அவள் உயிரோடு இருக்கும் சகோதரனைக் காப்பாற்றப் பேசுகிறாள், அங்கே தர்க்கம் ஒட்டுகிறது. அன்டிகனியின் சகோதரன் ஏற்கெனவே பிணம்.

என் எண்ணம்: ஒட்டாமல் இருப்பதே பொருத்தம். சாகப் போகிறவள் ஏற்கெனவே செய்துவிட்ட செயலுக்குக் காரணம் தேடுகிறாள்.

---

ஏட்டுப்பூச்சி:

அப்படியே மெடியாவுக்குப் போகலாம், ஏனென்றால் அங்கே காரணம் தேடுவது செயலுக்கு முன்பு நடக்கிறது. கி.மு. 431. போட்டியில் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியன் முதலிடம், சோஃபோக்ளிஸ் இரண்டாமிடம், மெடியாவை எழுதிய யூரிப்பிடிஸ் கடைசி.

தன் பிள்ளைகளையே கொல்கிறாள். தெரியும், செய்து முடித்தாள். அரிஸ்டாட்டிலே தெரிந்து செய்வதற்கு மெடியாவைத்தான் உதாரணம் காட்டுகிறார். 1021-இல் தொடங்கும் பேச்சில் கொல்வேன், மாட்டேன், கொல்வேன் என்று பலமுறை திரும்புகிறாள். முடிவில் 1078-1080: நான் செய்யப் போவது எத்தனை தீமை என்று அறிகிறேன், ஆனால் என் எண்ணங்களைவிட என் சினவேகம் வலியது. இதோடு யூரிப்பிடிஸின் ஹிப்போலிடஸில், கணவனின் மகன் மேல் காதல் கொண்ட ஃபேட்ரா சொல்வதை (380) வையுங்கள்: நல்லது எதுவென்று அறிகிறோம், செய்து முடிப்பதில்லை. மூன்றே ஆண்டு இடைவெளி, கி.மு. 428. இரண்டு பெண்களும் அறியாமை என்ற சாக்கைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சோஃபோக்ளிஸின் பொறி இவர்களிடம் வேலை செய்யாது.

---

வரி எண்:

1056 முதல் 1080 வரை முழுவதையும் நீக்க வேண்டும் என்ற பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே போனார்களா இல்லையா என்பதில் வரிகள் முரண்படுகின்றன என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. அந்த மூன்று வரியின் மேல் பெரிய கோட்டை கட்டுபவர்கள் அஸ்திவாரத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. மெடியாவில் நம் சொல் இரண்டு முக்கியமான இடத்தில் வருகிறது, இரண்டும் அரிஸ்டாட்டிலின் கட்டத்துக்குள் அடங்காது. 350-இல் கொரிந்து கிரியோன், அவளுக்கு ஒரு நாள் தவணை கொடுக்கும்போது: 'பிழைக்கிறேன் என்று இப்போதே பார்க்கிறேன், பெண்ணே, ஆனாலும் கேட்டது கிடைக்கும்.' தெரிந்தே பிழைக்கும் மனிதன். 800-இல் மெடியா: 'தந்தையின் வீட்டை விட்டு வந்தபோது பிழைத்தேன்.' பிள்ளைகளைக் கொல்லப் போவதை அவள் பிழை என்று சொல்லவில்லை. ஒரு கிரேக்கனின் சொல்லை நம்பியதுதான் பிழை.

---

மூன்றாம் நடிகர்:

350 ரொம்ப நல்லா மாட்டுச்சு. அந்த ஒரு நாள்தான் மொத்த நாடகமும்.

நம்ம கட்டத்துல காலியா இருக்கிற மூலையை யாரும் தொடலை: தெரிஞ்சு, ஓங்கி, செய்யாம விடறது. அரிஸ்டாட்டில் இதுதான் நாலுலயும் மட்டம்னு சொல்லி ஹேமனைக் காட்டுறார். குகையில அப்பா மேல வாளை உருவுறான், கிரியோன் ஓடிடறான், அடி விழலை. ஆனா மூலத்துல (1234) ஹேமன் மனசு மாறி விட்டுடலை, வாள் குறி தவறிடுச்சு! அப்புறம் அதே வாளைத் தன் விலாவுல ஏத்திக்கறான். பிழையைப் பத்தியே பேசிட்டிருக்கோம், நெஜமாவே ஆயுதம் பிழைச்ச ஒரே ஆளை விட்டுட்டோம்.

---

வரி எண்:

ஆம். அங்கே வேறு வினைச்சொல், பொருள் அதேதான்.

---

ஏட்டுப்பூச்சி:

நான்காவது மூலை: தெரியாமல் செய்யப் போய், கடைசி நொடியில் தெரிந்து நிறுத்துவது. இதுதான் மிகச் சிறந்தது என்கிறார் 14-ஆம் அதிகாரத்தில், தவுரியர் நாட்டு இஃபிஜெனியாவைக் காட்டி. தம்பி என்று தெரியாமலே ஒரெஸ்டிஸைப் பலிக்கு அனுப்பும் முன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறாள், அதில் பெயர் வெளிப்பட்டுத் தப்புகிறார்கள். ஆனால் 13-இல் துன்பத்தில் முடிவதே சிறந்த துன்பியல் என்று சொன்னவரும் இவர்தான். இந்த முரணை ஒட்டவைக்க நிறைய மை செலவாகியிருக்கிறது. எனக்குத் தோன்றுவது, 13 முழு நாடகத்தின் போக்கைப் பற்றியது, 14 ஒரு காட்சியின் கூர்மையைப் பற்றியது. முழு நிறைவான விடை என்று இதையும் சொல்ல மாட்டேன்.

---

புதுவரவு:

நீங்கள் சொன்ன முறையில் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஹிப்போலிடஸ் நாடகத்தில் ஃபேட்ராவின் கணவர், ஹிப்போலிடஸின் தந்தை தீசியஸ். தெரியாமல் செய்து முடித்தவர். திரும்பிப் போக இருந்த இடம் 1055: சத்தியத்தையும் சான்றையும் குறிசொல்வோரையும் ஆராயாமல் விசாரணையின்றித் துரத்துவீர்களா என்று மகன் கேட்கிறான், அவர் மறுக்கிறார். செயல், நாடு கடத்துவது. அறிவு, 1283-இல் ஆர்ட்டெமிஸ் தோன்றிச் சொல்லும்போது. சரியா?

---

வரி எண்:

இரண்டு சரி, ஒன்று இடம் மாறிவிட்டது. செயல் 887. இறந்த ஃபேட்ராவின் கையில் கட்டியிருந்த, மகன் மேல் பொய்ப்பழி சொல்லும் ஏட்டைப் படித்ததும், கடல் தெய்வம் பொசைடன் கொடுத்திருந்த மூன்று சாபத்தில் ஒன்றால் இன்றைக்கே என் மகனை முடித்துவிடு என்று வேண்டிவிடுகிறார். அப்போது மகன் இன்னும் அந்தக் காட்சிக்கே வரவில்லை. 1055-இல் நடப்பது விசாரணை போலத் தெரியும், ஆனால் தண்டனை 170 வரிக்கு முன்பே கிளம்பிவிட்டது. நீங்கள் தேடும் முதல் எண் ஏட்டுக்கும் சாபத்துக்கும் இடையே இருக்கிறது, அதாவது முப்பது வரிக்குள்.

ஆர்ட்டெமிஸ் திட்டுவதும் இதைத்தான் (1320 முதல்): சான்றுக்கும் குறிசொல்வோருக்கும் காத்திராமல், காலத்துக்கு இடம் கொடுக்காமல், வேண்டியதைவிட விரைவாகச் சபித்தாய். அதன் பிறகு 1334-ஐப் படியுங்கள். 'உன் ஹமார்த்தியாவை, முதலாவதாக, நீ அறியாதிருந்தது தீமையிலிருந்து விடுவிக்கிறது' என்கிறாள். நாம் இங்கே இழுத்துக்கொண்டிருக்கும் அதே பெயர்ச்சொல், ஒரு தெய்வத்தின் வாயில்.

---

புதுவரவு:

887-ஐத் திரும்பப் படித்தேன். சாபம் போட்ட உடனேயே 'நாடும் கடத்துவேன்' என்று அவர் சேர்த்துச் சொல்வதால் ஏமாந்துவிட்டேன். அடுத்து யூரிப்பிடிஸின் பாக்கே நாடகத்தில், சிங்கம் என்று நினைத்துத் தன் மகனையே கொல்லும் அகவேயை எடுத்திருக்கிறேன், செயல் தூதனின் வாயில் வருகிறது, எந்த எண்ணைப் போடுவது?

---

மூன்றாம் நடிகர்:

தூதன் சொல்ற இடத்தையே போடுங்க, 1114-லிருந்து. அறிவு ஒரே வரியில வராது, 1264-லிருந்து அவ அப்பா கட்மஸ் படிப்படியா இறக்குவார். முதல்ல வானத்தைப் பார், முன்ன மாதிரியே இருக்கா? அப்புறம் நீ யாரைக் கட்டிக்கிட்டே, பிறந்த மகன் பேர் என்ன, இப்போ கையில யார் தலை? சிங்கத்தோடதுன்னு சொல்வா. நல்லாப் பாருன்னு சொல்வார். 1280-லிருந்து 1284-க்குள்ள எது உங்க எண்ணுன்னு நீங்களே படிச்சு முடிவு பண்ணுங்க.